இருமல்தான் வரவில்லையே, ஒரு வாய் காபி கொடுத்தால் என்ன?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. நிமோனியா முற்றி ஐசியூவில் 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். வாய்க்குழாயை எடுத்து ஐந்து நாள் ஆகிறது. இப்போது மூச்சு நன்றாக விடுகிறார், எல்லோரையும் அடையாளம் தெரிகிறது. ஆனால் குரல் கம்மிப்போய் வெறும் காற்றாகத்தான் வருகிறது. சாப்பாடு, மாத்திரை எல்லாம் மூக்கில் போட்ட ரைல்ஸ் ட்யூப் வழியாக. வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவரோ தண்ணீர் கேட்டுக் கெஞ்சுகிறார். முந்தாநாள் இரவு துணைக்கு இருந்த அத்தை மனசு கேட்காமல் நாலைந்து ஸ்பூன் காபி கொடுத்துவிட்டார். இருமலே வரவில்லை, புரையேறவும் இல்லை. அப்படியென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்தானே? பக்கவாதம் எதுவும் வராத மனிதருக்கு ஏன் விழுங்க வரவில்லை? எப்போது சரியாகும்?
தஞ்சாவூர் மாவட்ட வாசகி

பதில்: முதலில் ஒரு வேலை. அத்தை காபி கொடுத்ததை இன்றைக்கே டாக்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ சொல்லிவிடுங்கள். திட்டு விழுந்தால் விழட்டும். அடுத்த சில நாளில் காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வேகமெடுத்தாலோ, ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்பட்டாலோ, காரணத்தை எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காபியால் ஒன்றுமே ஆகாமலும் போகலாம். ஆனால் மறைத்து வைத்தால் வைத்தியம் பார்ப்பவர்கள் இருட்டில் துழாவ வேண்டிவரும்.

அத்தையைக் கோபிக்க வேண்டாம். தாகம் என்று கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்வது நம் வீடுகளில் எவ்வளவு பாரமான காரியம் என்று எனக்குத் தெரியும். பதினேழு வருஷமாக ஐசியூக்களில் விழுங்கல் சிகிச்சை செய்கிறேன். ரகசியமாகக் கொடுக்கப்பட்ட காபி, ரசம், இளநீர், திருநீறு கரைத்த தீர்த்தம் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கொடுத்தவர்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றைத்தான் சொன்னார்கள்: "நல்லாத்தான் முழுங்கினார், இருமவே இல்லை."

அந்த வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

நமக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்போம். உண்மையில் நடப்பது இதுதான்: வழி தவறிய ஒரு சொட்டு மூச்சுக்குழாயின் வாசலைத் தொடுகிறது, அங்குள்ள நரம்பு அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குச் சொல்கிறது, இருமல் வெடித்து அந்தச் சொட்டை வெளியே தள்ளுகிறது. ஆக, புரையேறுவது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் சத்தம். பதினோரு நாள் பிளாஸ்டிக் குழாய் உரசிக்கொண்டே இருந்த தொண்டையில் அந்த உணர்வு மரத்துப்போவதுண்டு. அப்போது காபி நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமல் வராது. முகம் சுளிக்காது. விரலில் மாட்டியிருக்கிற ஆக்சிஜன் கருவியின் எண்கூடப் பல நேரம் அசையாது. அத்தை கொடுத்த காபி சரியான வழியில் போயிருக்கலாம், தப்பான வழியில் போய் அப்பாவுக்கு உறைக்காமலும் இருந்திருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற யாராலும் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது.

முடியும் என்று நினைத்திருந்த காலம் உண்டு. வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்து மீண்ட ஒரு பாட்டிக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். சிரித்த முகமாக விழுங்கினார். இருமல் இல்லை. நீராகாரம் கொடுக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல், எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் புதிதாக நிமோனியா. பிறகு மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தபோது, ஒவ்வொரு மடக்கும் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் வழிந்துகொண்டிருந்தது. அப்போதும் பாட்டி சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிழைத்து வீட்டுக்குப் போனார் என்றாலும், அந்தக் கையெழுத்து இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பக்கவாதம் இல்லாதவருக்கு ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். விழுங்குவது நமக்கு நினைவிலேயே இல்லாத வேலை. ஆனால் ஒரு மடக்குத் தண்ணீருக்கு முப்பது ஜோடிக்கு மேற்பட்ட தசைகள் ஒரு விநாடிக்குள் வரிசைப்படி இயங்க வேண்டும். அந்த நேரத்தில் மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலெழும்பி முன்னே நகர்கிறது, குரல்நாண்கள் கதவு போல மூடிக்கொள்கின்றன, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. விழுங்கி முடித்ததும் பெரும்பாலும் மூச்சை வெளியே விடுகிறோம், மிச்சம் மீதி உள்ளே இழுபடாமல் இருக்க.

உங்கள் அப்பாவுக்குப் போட்ட குழாய் ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன் இருக்கும். அது வாய் வழியாகப் போய், சரியாக அந்தக் குரல்நாண் கதவுகளுக்கு நடுவேதான் நிற்கும். மூடவேண்டிய கதவு பதினோரு நாள் திறந்தபடி. கீழே குழாயைச் சுற்றி ஒரு சின்ன பலூன், காற்று கசியாமல் இருக்க. இந்த அழுத்தங்களால் குரல்வளை வீங்கலாம், புண்ணாகலாம், குரல்நாணை அசைக்கிற நரம்பு நசுங்கி ஒரு பக்கம் செயலிழக்கவும் செய்யலாம். இதோடு தசை பலவீனம் வேறு. ஐசியூவில் கிடந்தவரின் கால் தள்ளாடினால் பிசியோவைக் கூப்பிடுகிறோம். தொண்டையும் அதே பதினோரு நாள் படுத்துத்தான் கிடந்தது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. மயக்க மருந்துகளின் மிச்சம், ஐசியூ மனக்குழப்பம், வயிற்றிலிருந்து எதுக்களிக்கிற அமிலம், இவையும் சேர்ந்துகொள்ளும். மூச்சு இன்னும் வேகமாக இருப்பவருக்கு, விழுங்குவதற்காக மூச்சை நிறுத்தும் அந்த ஒரு விநாடியே கட்டுப்படியாகாது.

குரல் வெறும் காற்றாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைச் சாதாரணமாக விடாதீர்கள். கதவு சரியாக மூடவில்லை என்பதற்கு வெளியே தெரிகிற அடையாளம் அது. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை குரல்நாண்களைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் அசையாமல் இருந்தால், அந்த நாணை ஊசி மருந்தால் உப்பவைத்து நடுப்பக்கம் நகர்த்துகிற சிறு சிகிச்சை உண்டு. குரலுக்கும் விழுங்கலுக்கும் சேர்த்தே உதவும்.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. வென்டிலேட்டர் குழாய் எடுத்த பின் விழுங்கல் சிரமம் எத்தனை பேருக்கு வருகிறது என்று தேடினால், ஆய்வுக்கு ஆய்வு 3 சதவீதத்திலிருந்து 62 சதவீதம் வரை போகிறது. யாரைப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. தேடாத இடத்தில் இல்லை என்றுதான் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்த நோயாளிகள் பலருக்கு மூச்சுத் தசைகளோடு விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தன. அப்போது இருந்த இரும்பு நுரையீரல் என்ற பெட்டி மூச்சை இழுத்து விடும், ஆனால் தொண்டையில் தேங்கும் எச்சிலை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சொந்த எச்சிலிலேயே மூழ்கிச் செத்தார்கள். பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிடச் செய்து, பலூன் வைத்த குழாயைச் செருகவைத்து, கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் பை அழுத்தினார்கள். இன்றைய ஐசியூ பிறந்தது அங்கேதான் என்பார்கள். விழுங்க முடியாதவர்களைக் காப்பாற்றப் பிறந்த இடத்திலேயே விழுங்கலைக் கடைசியில் கவனிக்கிறோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம்.

ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது பரிசோதனை. "வாயில் ஒன்றும் வேண்டாம்" என்ற உத்தரவு சரியானது, ஆனால் அது ஒரு காவல்தான், சிகிச்சை ஆகாது. காவலுக்கு முடிவு தேதி இருக்க வேண்டும். நாளை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, "அப்பாவின் விழுங்கலை யார், என்றைக்குச் சோதிக்கப் போகிறார்கள்?" என்று கேளுங்கள். இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த பேச்சு சிகிச்சையாளர்களில் விழுங்கலும் பார்ப்பவர்கள் உண்டு. ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் பேச்சு வராத குழந்தைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் அழைப்பதே இல்லை.

அவர் வந்து முதலில் பார்ப்பது விழிப்பு, தலை நிற்கிறதா, இருமச் சொன்னால் வலுவாக இருமுகிறாரா, சொந்த எச்சிலை விழுங்குகிறாரா என்பவற்றை. பிறகு ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர், அது சரியாகப் போனால் 90 மில்லியை நிறுத்தாமல் குடிக்கச் சொல்கிற சோதனை. படித்துவிட்டு இதை நீங்களே செய்து பார்க்காதீர்கள். அப்பா போல உணர்வு மங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவருக்கு, மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, விழுங்குவதை நேரடியாகப் பார்ப்பதே நல்லது. அதன் பெயர் ஃபீஸ். கட்டணம் என்று நினைத்துப் பலர் மிரண்டுவிடுகிறார்கள், இது வேறு ஃபீஸ். கட்டில் பக்கத்திலேயே செய்யலாம், கதிர்வீச்சு இல்லை. பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவாகப் பார்ப்பது இன்னொரு முறை, அதற்கு அவரை எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோக வேண்டும். தொண்டையில் குச்சியால் தொட்டு, குமட்டினால் விழுங்கல் சரி என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. குமட்டலுக்கும் பத்திரமான விழுங்கலுக்கும் சம்பந்தம் குறைவு. நல்ல ஆரோக்கியமானவர்களிலேயே பலருக்குக் குமட்டாது.

அதுவரை தாகத்துக்கு என்ன செய்வது? வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைப்பது. வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். மெல்லாத வாயில் எச்சில் ஊறுவது குறைந்து, கிருமிகள் படலமாகப் படிகின்றன. ரைல்ஸ் ட்யூப் இருந்தாலும் எச்சில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கிருமி மண்டிய எச்சில் நுரையீரலுக்குள் கசிவதுதான் நிமோனியாவுக்குப் பெரிய வாசல். அதனால் மென்மையான பிரஷ்ஷால் தினம் இரண்டு வேளையாவது பல், ஈறு, நாக்கு எல்லாம் தேய்க்க வேண்டும், நுரையைச் சக்‌ஷன் என்ற உறிஞ்சும் கருவியால் எடுத்துவிட வேண்டும். பல்செட் போடுபவர் என்றால் அதைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். இடையிடையே ஈரத் துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடலாம். பனிக்கட்டித் துணுக்கு கொடுக்கலாமா என்று கேளுங்கள், சோதித்த பிறகு சிலருக்கு அனுமதிப்பதுண்டு. ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டாம்: வறட்சிக்கு என்று மூக்கிலோ வாயிலோ நெய், நல்லெண்ணெய் விடுவது, எண்ணெய் கொப்பளிக்க வைப்பது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இருமலையும் அவ்வளவாகத் தூண்டாது, எளிதில் வெளியேறவும் செய்யாது.

ட்யூபில் உணவு போகும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும். மூக்கருகே ட்யூபில் போட்டிருக்கும் அடையாளம் நகர்ந்திருந்தால் உணவு ஊற்றாமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். மாத்திரைகளை எல்லாம் பொடித்துக் கரைத்துவிடவும் கூடாது. மெல்ல மெல்லக் கரையும்படி செய்தவை, வயிற்றில் கரையாதபடி பூச்சு போட்டவை இரண்டும் பொடித்தால் கெட்டுவிடும். மருந்தாளரைக் கேட்டால் மாற்று சொல்வார்.

பரிசோதனையில் தேறினால், அல்லது பாதி தேறினால், உணவு ஆரம்பிக்கும். இங்கேதான் நம் சமையலறைப் பழக்கம் குறுக்கே வரும். மெலிந்த நீர் லேசானது, முதலில் அதைக் கொடுப்போம் என்று நினைக்கிறோம். பலவீனமான தொண்டைக்குத் தண்ணீர், காபி, இளநீர், மோர்தான் கஷ்டம். கதவு மூடுவதற்குள் ஓடிவிடும். அதனால் சிலருக்குக் கொஞ்சம் கெட்டியாக்கிய திரவத்தில் தொடங்குவோம். கஞ்சி கெட்டிதானே என்பீர்கள். கஞ்சியில் ஒரு சூது இருக்கிறது. எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், கால் மணி நேரத்தில் கஞ்சி நீர்த்துப்போகும். வாயில் தேங்கினாலும் அப்படியே. சூட்டில் நீர்த்தும் ஆறினால் இறுகியும் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சாந்தன் கோந்து கலந்த கெட்டியாக்கிப் பொடிகளுக்கு இந்த எச்சில் பிரச்சினை இல்லை.

எவ்வளவு கெட்டி என்பதற்கு உலகளவில் 0 முதல் 7 வரை ஒரு படிநிலை வைத்திருக்கிறார்கள். திரவத்துக்கு அளவுகோல் ஒரு 10 மில்லி சிரிஞ்சு. நிரப்பிப் பத்து விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பது. 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர் ரகம், 4 முதல் 8 மில்லி மிஞ்சினால் இரண்டாம் நிலை, இப்படி. எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் அல்ல, 0 முதல் 10 வரையான கோடு 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சிகிச்சையாளர் எந்த நிலை என்று சொன்னால், அதைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் திக்காக" என்ற வாய்மொழியை நம்பினால் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு பதம் வரும்.

கெட்டியாக்குவதையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதில்லை. அது பிடிக்காமல் குடிப்பதையே குறைத்து, உடம்பில் நீர் வற்றிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மிகக் கெட்டியானது தொண்டைக் குழியில் தங்கிப் பிறகு வழியும். கேமராவில் பார்த்து, தேவை என்றால் தேவையான அளவு மட்டும், வாரம் ஒருமுறை மறுபரிசீலனை. அதுதான் என் கட்சி.

திட உணவில், ரசம் சாதம் பார்க்க எளிது, உள்ளே இரண்டு உணவு: ரசம் முன்னே ஓடும், பருக்கை பின்தங்கும். குழையப் பிசைந்து ஒரே பதமான தயிர் சாதம் அதைவிட மேல். இட்லி உதிரியாகி வாய் முழுக்கச் சிதறும், நன்றாக ஊறவைத்து மசித்தால் தேறும். பொங்கலில் கறிவேப்பிலையும் முழு மிளகும் இருக்கக் கூடாது. நீர்ப்பட்ட ரொட்டி, பன் மேலண்ணத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், வேண்டாம்.

எப்படிக் குடிக்கிறார் என்பதும் முக்கியம். எச்சில் படாமல் அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்கிற பழக்கம் அப்பாவுக்கு இருந்தால், இப்போதைக்கு அதை விட்டே ஆக வேண்டும். தலை பின்னால் சாயும்போது நீர் தானாகத் தொண்டைக்குள் ஓடிவிடும், மூச்சுவழியும் திறந்து நிற்கும். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, டம்ளரில் உதடு வைத்து, சின்ன மடக்காக. படுத்தபடி பாலாடையில் ஊற்றுவதும் இதே தப்புதான். தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொல்வது சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சொன்னதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊட்டும்போது டிவி வேண்டாம், பேச்சுக் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் சாய்க்காதீர்கள். சாப்பாட்டுக்கு நடுவே குரல் ஈரமாக, களகளவென்று மாறினால் நிறுத்திவிடுங்கள்.

விழுங்கும் பயிற்சிகள் இருக்கின்றன. அழுத்தி விழுங்குவது, குரல்வளை மேலே எழும்பியதும் அங்கேயே சில விநாடி நிறுத்துவது, எதிர்ப்பு உள்ள கருவியில் ஊதுவது. எது அப்பாவுக்கு என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

கழுத்தில் துளையிட்டுக் குழாய் போட்டவர்களின் வீட்டாரும் இதைப் படிப்பீர்கள். அந்தப் பலூன் ஊதியிருந்தால் எதுவும் உள்ளே போகாது என்று நம்ப வேண்டாம். பலூனுக்கு மேலே தேங்குவது அதன் ஓரமாக வழியும். பேசுவதற்கான வால்வை மாட்டும்போது பலூன் காற்று முழுக்க இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சை வெளியே விட வழி இருக்காது. அதை வீட்டார் கையில் எடுக்கவே கூடாது.

எப்போது சரியாகும்? தேதி சொல்ல மாட்டேன். பலருக்கு நாள்களில், வாரங்களில் திரும்புகிறது. கடுமையான நுரையீரல் பாதிப்பிலிருந்து மீண்டவர்களை 5 ஆண்டு தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருத்துவமனையை விட்டுப் போகும்போது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விழுங்கல் சிரமம் இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஐந்தாண்டு முடிவதற்குள் அத்தனை பேருக்கும் தீர்ந்திருந்தது. நாலு முதல் ஆறு வாரத்துக்கு மேல் ட்யூப் தேவைப்படும் என்று தெரிந்தால், வயிற்றில் நேரடியாகக் குழாய் வைப்பது பற்றி டாக்டர் பேசுவார். கைவிட்டுவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. மூக்கிலும் தொண்டையிலும் உறுத்தல் இல்லாமல் பயிற்சி செய்ய அது வசதி. வாயால் முழுக்கச் சாப்பிட ஆரம்பித்ததும் எடுத்துவிடலாம்.

கடைசியாக அத்தைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஃபீஸ் பரிசோதனை அன்று நோயாளிக்குப் பிடித்ததைக் கொடுத்தே பார்க்கலாம். தண்ணீருக்கு விழுங்க மறுத்தவர் பழகிய ருசிக்கு உதட்டைக் குவிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்ன கெட்டியில் வேண்டும் என்று சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் காபியை அன்றைக்கு ஒரு ஃபிளாஸ்கில் எடுத்துவரச் சொல்லுங்கள்.